நீர் சுண்டும் மாதங்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஷிப்டு மணி ஆயுத பூஜைக்குத்தான் கொஞ்சம் அடங்குகிறது. இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலைப் பொட்டலத்தோடு ஆட்கள் வீடு திரும்புகிறார்கள். பிள்ளைகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் ஏறக்குறைய அதையொட்டியே வருகிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை கிடைக்கும் இந்த இடைவெளியில்தான் இங்குள்ள குடும்பங்களால் தூரப் பயணம் கிளம்ப முடியும். ஒரு காலத்தில் அது குலதெய்வக் கோயில். பிறகு ஊட்டி, கொடைக்கானல். அப்புறம் சிங்கப்பூர், மலேசியா. இப்போது கார் கம்பெனிப் பொறியாளர்கள் சிலரும், நிரந்தர வேலையில் இருபது ஆண்டைக் கடந்த தம்பதிகள் சிலரும் பங்குனியிலேயே உட்கார்ந்து கென்யா, தான்சானியா, ஜாம்பியா என்று வரைபடம் பார்க்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது எட்டாக் கனிதான். ஆனாலும் கைப்பேசியில் சிங்கத்தையும் யானைக் கூட்டத்தையும் பார்த்துப் பார்த்து ஆசை எல்லோருக்குள்ளும் இறங்கியிருக்கிறது.

கிளம்புகிறவர்களில் பலர் யோசிக்காமலே ஒரு பொருத்தம் அமைந்துவிடுகிறது. நம் ஆயுத பூஜை விடுமுறை, ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் வறட்சியின் கடைசிக் கட்டம். காட்டு விலங்குகளைப் பார்க்க அதைவிட நல்ல காலம் அங்கே இல்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜூன் முதல் அக்டோபர் வரை நீண்ட வறண்ட பருவம். தெற்கே ஜாம்பியா, ஜிம்பாப்வே, நமீபியாவில் மே மாதம் தொடங்கி நவம்பர் மழை வரை நீளும். மழை ஓய்ந்ததும் காட்டுக்குள் அங்கங்கே தேங்கிய குட்டைகள் முதலில் வற்றும், அடுத்து ஓடைகள். ஆகஸ்டு கடந்தால் பெரிய ஆறுகளும் சில ஊற்றுகளும்தான் மிச்சம். ஆள் உயரப் புல் காய்ந்து படுத்துவிடும், புதர்கள் இலை உதிர்த்துவிடும், கண்ணுக்குத் தடை இருக்காது. தண்ணீரை விட்டு அதிக தூரம் போக முடியாத யானையும் காட்டெருமையும் வரிக்குதிரையும் கரையைச் சுற்றியே நிற்கும். அவற்றை எதிர்பார்த்துச் சிங்கமும் அங்கேயே படுத்திருக்கும்.

தான்சானியாவின் தரங்கிரேயில் யானைகள் ஆற்றுக்குத் திரள்வது இந்த வாரங்களில்தான். ஜாம்பியாவின் லுவாங்வா ஆறு மெலிந்து மெலிந்து, மிஞ்சிய மடுக்களில் நீர்யானைகள் முதுகோடு முதுகு உரசிக் கிடக்கும். நீர் இறங்கியதால் வெளியே தெரியும் செங்குத்தான கரை மண்ணில் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் கூட்டங்கூட்டமாகப் பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கும். நமீபியாவின் எட்டோஷாவில் நீர்க்குழி ஓரமாக வண்டியை நிறுத்திப் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் போதும், காடே வரிசையில் வந்து குடித்துவிட்டுப் போகும். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கேயில் வற்றாத ஆறே கிடையாது. அந்தக் காட்டின் முதல் காவலர் டெட் டேவிசன் ஆழ்துளைக் கிணறு போட்டுக் குட்டைகளுக்கு நீர் இறைக்க வழி செய்தார். இன்றைக்கும் அங்கே யானைகள் பிழைத்திருப்பது பம்பு ஓடுவதால்தான். போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ ஒரு விதிவிலக்கு. அங்கோலா மேட்டு நிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வருவதால், வறட்சியின் நடுவில் அங்கே வெள்ளம் ஏறும்.

நீர் சுருங்கினால் உயிர்கள் ஓரிடத்தில் கூடும். இந்த ஒரே விதியின் மேல்தான் செப்டம்பர், அக்டோபர் சஃபாரி முழுவதும் நிற்கிறது. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிக்கரையில் வளர்ந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கார்த்திகை மழையில் கலங்கல் வழிந்த ஏரி, சம்பாவுக்குக் கொடுத்து, நவரைக்குக் கொடுத்து, சித்திரையில் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். மதகுக்குக் கீழே நிற்கும் அந்தக் கடைசித் தண்ணீர் பாசனத்துக்கு உதவாது. ஆனால் ஊரைச் சுற்றியிருந்த எல்லா உயிருக்கும் அதுதான் ஆதாரம். ஏலம் எடுத்தவர்கள் பெரிய வலை இழுத்து முடித்ததும் ஊர்ச்சனம் இறங்கிச் சேற்றில் விராலும் கெளுத்தியும் தடவிப் பிடித்தது. உள்வாயின் ஈரத்தில் துளிர்த்த புல்லுக்கு மாடுகள் இறங்கின. வண்டல் அள்ளி வயலுக்குக் கொண்டுபோக மாட்டு வண்டிகள் வரிசை கட்டின. இத்தனை மனிதர்களுக்கு நடுவிலும் பறவைகள் அஞ்சாமல் நின்றன. ஆழத்தில் கூழைக்கடா, முழங்கால் அளவு நீரில் சங்குவளை நாரை, சேற்று விளிம்பில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும், இன்னும் ஆழம் குறைந்த இடத்தில் சிவந்த நெட்டைக் கால்களோடு பவளக்காலி. நீரின் ஆழம் எவ்வளவு என்று கால் வைக்காமல் பறவையைப் பார்த்தே சொல்லிவிடலாம். இருட்டினால் ஏரிக்கரைப் புதர்களில் நரி ஊளையிடும். காலையில் ஈர மண்ணில் முயல், கீரி, உடும்பு, காட்டுப்பூனை எல்லாவற்றின் தடமும் கிடக்கும்.

அந்தத் தடங்களை எழுத்தைப் போலப் படித்தவர்கள் இருளர்கள். சருகு ஒதுங்கியிருக்கும் விதத்தையும் வளை வாயின் மண் பளபளப்பையும் பார்த்து உள்ளே இருப்பது எலியா பாம்பா, எப்போது போனது என்று சொல்லக்கூடியவர்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, அவர்கள் பிழைப்பாக நம்பியிருந்த பாம்புத் தோல் வியாபாரம் முடிவுக்கு வந்தது. அந்தத் திறமை வீணாகாமல், விஷமுறிவு மருந்துக்குப் பாம்பு நஞ்சு எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் வடநெம்மேலியில் அமைந்தது. அந்த வட்டாரத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு தேடிப் பிடிக்க அழைக்கப்பட்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நார்மன் கார் 1950-களில் லுவாங்வாவில் தொடங்கிவைத்த நடைச் சஃபாரியில் முன்னால் நடக்கும் தடம் பார்ப்பவருக்கு உலகமே மரியாதை செய்கிறது, பெரும் பணம் கொடுக்கிறது. அதே கலை தெரிந்த குடும்பங்கள் ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் இன்று செங்கல் சூளையிலும் காவல் வேலையிலும் இருக்கின்றன. இதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

பறவைகளைக் காப்பதும் இந்தச் சீமையில் புதிதாகக் கற்றுக்கொண்ட பாடம் கிடையாது. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரியில் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று முறையிட்டு, செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் 1798-ல் ஆணை பெற்றார்கள். காரணம் அன்பும் உண்டு, கணக்கும் உண்டு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல் எருவில்லாமலே விளைந்தது. 1936-ல் அது சரணாலயம் ஆனது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கென்யா தன் நாட்டில் வேட்டையை முழுவதுமாகத் தடை செய்தது 1977-ல்தான். அதுவரை சஃபாரி என்றாலே பலருக்குத் துப்பாக்கிதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த மாவட்டத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனவர்களும் உண்டு. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அதிலும் அதற்குப் பின்வந்த கப்பல்களிலும் வட ஆற்காடு, செங்கல்பட்டுச் சீமைகளின் ஏழைகள் கரும்புத் தோட்டத்துக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் போனார்கள். வறட்சி அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியது. இன்று அதே அக்டோபரில் வறட்சியைப் பார்க்கக் காசு கட்டிப் போகிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

ஊரில் தங்கியவர்கள் சிங்கம் பார்க்க மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சி சாலைக்குப் போனார்கள். 1985-ல் அது வண்டலூருக்கு இடம் மாறியது. ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போகும் சாலை தொடங்குவதே அங்கேதான். சஃபாரி என்ற சொல்லை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் முதன்முதலில் கேட்டது வண்டலூரின் சிங்க உலாவிடத்தில்தான் என்று நினைக்கிறேன். கம்பி போட்ட வண்டி, மரத்தடியில் தூங்கும் சிங்கம், சில நிமிடம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா, 2014-ல் அதன் மூடல். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. சிப்காட் வளாகங்கள் வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று பரந்தன. வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்தது, பெண்கள் சொந்தக் காசில் நகை வாங்கினார்கள், பிள்ளைகள் பொறியியல் படித்தார்கள். வானம் பார்த்து வாழ்ந்த ஊர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்த நிம்மதி பெரிது. அதைச் சிறிதாகப் பேச எனக்கு மனம் வராது.

ஏரியிலும் மாற்றம் இறங்கியது, ஆனால் ஊரே கூடிப் பார்க்கும்படி ஒரே நாளில் அல்ல. ஆயக்கட்டு வயல்கள் மனைகளும் கிடங்குகளுமாக மாறியபோது மதகைத் திறக்க ஆள் வேண்டாமல் போயிற்று. நீர்கட்டி வேலை மறைந்தது. முன்பு படிப்படியாக இறங்கிய நீர்மட்டம் இப்போது சில ஏரிகளில் இறங்குவதே இல்லை. குடியிருப்புகளின் கழிவுநீர் வருடம் முழுக்க வந்து சேர்ந்து ஆகாயத்தாமரை மூடிவிடுகிறது. வேறு சில ஏரிகளில் மனை மேடாக்கச் சவுடு மண் வெட்டி, தரை பள்ளம் பள்ளமாகக் கிடக்கிறது. வண்டல் அள்ளிய மாட்டு வண்டி மேலாக ஒரு படலம் சுரண்டியது. பொக்லைன் வெட்டும் குழியோ செங்குத்தாக இறங்குகிறது. மழை வந்தால் குழியில் நீர் நிற்கும். ஆனால் நாரை இறங்கி நடக்கச் சரிவான ஓரம் இருக்காது. தூரத்தில் நின்று பார்த்தால் நிறைய நீர், பறவைக்கு அது மூடிய கதவு. உள்வாயின் மேட்டுப் பகுதியில் சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்டது. நரி ஊளையைக் கேட்டு வளராத முதல் தலைமுறை இப்போது ஷிப்டுக்குப் போகிறது.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு புரண்டதும், 2019 ஜூனில் அதே செம்பரம்பாக்கம் தரை வெடிக்க வற்றியதும் இந்தக் கதையோடு சேர்ந்தவைதான். நான்கே ஆண்டு இடைவெளியில் இரண்டு எல்லைகளையும் பார்த்த ஏரி அது.

இன்று கிடைத்த சில நல்லவையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் தொலைநோக்கியும் நீண்ட லென்ஸும் தோளில் தொங்க ஏரிக்கரை ஏறும் இளைஞர்கள் இருக்கிறார்கள். 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. முன்பு ஏரியை அறிந்தவர்கள் அதை எழுதிவைக்கவில்லை, இப்போது எழுதப்படுகிறது. மிச்சமிருக்கும் ஏரிகளுக்குப் பறவைகள் இன்னும் வருகின்றன. மணிமங்கலத்திலோ தென்னேரியிலோ வைகாசி விடியலில் நின்றால், லுவாங்வாவைப் பற்றிப் புத்தகம் சொல்வதில் பாதி கண்முன்னே நடக்கும். நீரின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி இங்கேயும் உண்டு, லுவாங்வாவிலும் அதே இனம் உண்டு. பவளக்காலியும் அப்படியே. ஐப்பசி வாக்கில் ஆலை மைதானங்களின் மேல் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான்களின் இனம் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா போய்ச் சேர்கிறது என்று, மாலத்தீவில் பல ஆண்டு கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் எழுதினார். விசாவும் தடுப்பூசியும் இல்லாத பயணிகள் அவை.

இந்த வட்டாரத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போவது தட்டான் மட்டுமல்ல. ஒரகடத்தில் பூட்டிய ரெனோ க்விட்டும் நிஸான் மேக்னைட்டும் தென்னாப்பிரிக்கச் சாலைகளில் ஓடுகின்றன. டெய்ம்லர் ஆலையின் ஃபூசோ லாரிகள் கென்யா வரை போயிருக்கின்றன. சக்கரத்தை முடுக்கியவர் அங்கே போக இன்னும் நாளாகும்.

போகத் துணிந்தவர்களுக்குக் கொஞ்சம் உருப்படியாகச் சொல்கிறேன். மாசாய் மாராவில் 2024-ல் வந்த கட்டணப்படி வயது வந்த வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். பெரியவர்கள் நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நுழைவுச் சீட்டே எவ்வளவு ஆகும் என்று பெருக்கிப் பாருங்கள். ஆற்றைக் கடக்கும் வைல்டுபீஸ்ட் கூட்டத்தை மட்டும் மனதில் வைத்து மாராவுக்கே எல்லோரும் முண்டியடிக்கிறார்கள். வறட்சியின் முழு முகத்தைக் காண தரங்கிரேயையும் லுவாங்வாவையும் நான் முன்னே வைப்பேன். லுவாங்வாவின் அக்டோபர் நம் கத்திரி வெயில். 40 டிகிரியைத் தொடும். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் செப்டம்பரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கென்யா போய்த் திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அது செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரைக்குத் தனியாக மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருப்பும் கருநீலமும் டிசெட்சி ஈயை இழுக்கும், துணியில் அவற்றைத் தவிருங்கள். சிறு விமானம் ஏறுவதாக இருந்தால் பெரும்பாலும் பதினைந்து கிலோதான், அதுவும் மெத்தென்ற பை. இட்லிப் பொடியையும் தொக்கையும் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். கென்யா 2017-லேயே அந்தப் பைகளைத் தடை செய்துவிட்டது, தான்சானியா 2019-ல். புரட்டாசி விரதக்காரர்கள் பயப்பட வேண்டாம். கென்யாவில் இந்திய வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்வதால் சைவச் சமையல் அங்கே புதுமை கிடையாது. முன்கூட்டிச் சொன்னால் போதும்.

அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்குக் கர்நாடகத்தின் கபினி இருக்கிறது. அணையில் நீர் இறங்க இறங்க வெளிப்படும் புல்வெளிக்கு மார்ச் முதல் மே வரை யானைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. ஆசிய யானைகள் இப்படித் திரளும் இடம் உலகில் அரிது. விதி அதேதான், நீர் சுருங்கினால் கூட்டம். முதுமலைக்கு அந்த மாதங்களில் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும், காட்டுத்தீ அச்சத்தால் கடும் கோடையில் மூடிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022-ல் அறிவித்த பரந்தூர் விமான நிலையம் வந்தால், இந்த வட்டாரத்திலிருந்து உலகக் காடுகளுக்குப் போகும் தூரம் குறையும் என்று மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலத்தில் ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும் இருக்கின்றன. பாலாற்று நீரை ஊர் ஊராக ஏரிகளுக்கு ஊட்டி ஸ்ரீபெரும்புதூர் வரை கொண்டுவரும் கம்பன் கால்வாய் அந்த வழியாகத்தான் வருகிறது. ஏகனாபுரத்து மக்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்து எதிர்த்து நிற்கிறார்கள். ஏரிகளை நிரவி ஓடுபாதை போட்டு, அதிலிருந்து ஏறிப் போய் இன்னொரு கண்டத்தில் வற்றும் நீரைச் சுற்றி உயிர்கள் கூடுவதைப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. வேறு இடம் தேடுவது கடினம் என்ற வாதம் கேட்டிருக்கிறேன். ஏரி வேறு இடத்துக்குப் போகவே முடியாது என்பதுதான் என் பதில்.

எனவே ஆப்பிரிக்கா போக நினைக்கும் குடும்பத்துக்கு நான் தரும் அட்டவணை இங்கிருந்தே தொடங்குகிறது. பங்குனிக்குள் தங்குமிடம் பதிவு செய்துவிடுங்கள். தாமதித்தால் நல்ல முகாம்கள் நிரம்பிவிடும். சித்திரை, வைகாசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஏரிக்கு விடியலில் போங்கள். எட்டு மடங்கு காட்டும் சாதாரணத் தொலைநோக்கி போதும். ஒரே இடத்தில் பேசாமல் உட்காரப் பழக வேண்டும், சேற்றில் தடம் பார்க்கவும் நீரின் ஆழத்தைப் பறவையிடம் கேட்கவும் பழக வேண்டும். முடிந்தால் ஊர்ப் பெரியவர் ஒருவரையோ இருளர் ஒருவரையோ உடன் அழைத்து, அவருக்குரிய கூலியைக் கொடுங்கள். ஆவணியில் தடுப்பூசி, கென்யாவாக இருந்தால் இணையத்தில் பயண அனுமதி. புரட்டாசியில் விமானம், அடிஸ் அபாபா வழியாகவோ வளைகுடா வழியாகவோ. திரும்பி வரும்போது இங்கே ஐப்பசி மழை பிடித்திருக்கும். எந்த ஏரிக்கு எவ்வளவு நீர் வந்திருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பொங்கல் கணக்கெடுப்புக்கு அதில் எதற்குப் போகலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.